மெல்போர்னில் நர்ஸ்களுக்கான குறுகிய ஆங்கிலப் படிப்பு: போகலாமா?

வெளிநாட்டு வேலை மீது ஆசை, ஆனால் அங்கே இருக்கப் பிடிக்குமா என்று தெரியவில்லை. அப்படி யோசிக்கும் நர்ஸ்களுக்காக எழுதுகிறேன். வேலையை விடாமல், சம்பளமில்லா லீவில் மெல்போர்ன் போய் ஒரு மொழிப்பள்ளியில் ஓஇடி (OET, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) பயிற்சி படித்தேன். ஆஸ்திரேலிய விசிட்டர் விசாவிலேயே மூன்று மாதம் வரை படிக்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது, அதனால் முழுச் செலவும் கையிலிருந்துதான்.

பணத்துக்குத் தகுந்த பலன் பேச்சு வகுப்பில் கிடைத்தது. தேர்வில் இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பயிற்சியில் டீச்சரே நோயாளி. ஒருநாள் அவருக்குச் சர்க்கரை. இன்சுலின் தொடங்க வேண்டும், ஆனால் ஊசியே வேண்டாம் என்கிறார். நம் வார்டாக இருந்தால், "ஒண்ணும் ஆகாதும்மா, டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். இங்கே அப்படி முடியாது. எதற்குப் பயம் என்று கேட்டேன். வலிக்காக இல்லையாம், அவருடைய அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கிய பிறகுதான் காலை எடுத்தார்களாம். சர்க்கரை கட்டுப்படாமல் போனதுதான் காரணமாக இருந்திருக்கும், இன்சுலின் இல்லை என்று நிதானமாக விளக்கினேன். அதோடு விடவில்லை, என்ன புரிந்தது என்று நோயாளியின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்றார் டீச்சர். இது தேர்வுக்கு மட்டுமான பாடம் இல்லை. ஊர் திரும்பி டியூட்டியில் சேர்ந்த பிறகும் நான் இப்படித்தான் கேட்கிறேன்.

கடித வகுப்பும் அருமை. நோயாளியை அடுத்துக் கவனிக்கப்போகிறவருக்கு எழுதும் கடிதம் இது. தேர்வில் இதற்கு 45 நிமிடம், அதில் முதல் ஐந்து நிமிடம் கேஸ் நோட்ஸை (நோயாளி பற்றிய குறிப்புகளை) வாசிக்க மட்டும். கடிதம் 200 வார்த்தைக்குள் இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகிற நர்ஸுக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய ஹெர்னியா ஆபரேஷன் எதற்கு என்று டீச்சர் கேட்பார். எதை விடுவது என்று தெரிவதுதான் அங்கே பாதி மார்க்.

காலை இலக்கண வகுப்பு சுமார்தான். எல்லாத் துறை மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். விளம்பரத்தில் இருந்த "மருத்துவமனைப் பார்வை" என்பது ஒரு முதியோர் இல்லத்தின் வரவேற்பறையும் கூடமும்தான். வார்டையே காட்டவில்லை. இதற்குக் காசு வாங்கியது நியாயமே இல்லை.

ஊரைத் தெரிந்துகொள்ள இந்தக் காலம் போதும். நகர மையத்தில் டிராம் இலவசம், ஆனால் வாடகை கட்டுப்படியாகிற வீடு தூரத்தில்தான் கிடைக்கும். அங்கிருந்து வர மைக்கி என்ற பயண அட்டையில் பணம் போட வேண்டும். வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், மாதம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். காலையில் வெயில், மதியம் மழை. லேட் ஷிஃப்ட் முடிந்து டிராமில் வரும் நர்ஸ்களிடம் பேசுங்கள், எந்த ஏஜென்ட்டும் சொல்லாததைச் சொல்வார்கள்.

ஏஜென்ட் என்றதும் ஒன்று. என்னிடம் வந்தவர் இரண்டு வருட டிப்ளமோவையே தள்ளிவிடப் பார்த்தார். ஸ்டூடன்ட் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஊர் பிடிக்குமா என்றே தெரியாதவர் இரண்டு வருடத்தை ஏன் கட்டிப்போட வேண்டும்? அப்புறம், இந்தக் குறுகிய படிப்பின் சான்றிதழால் நர்ஸ் பதிவு கிடைக்காது. அது ஆப்ராவில் (AHPRA, ஆஸ்திரேலியாவில் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் அமைப்பு) தனியாக நடக்கும் வேலை. ஓஇடி தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம்.

பிரிட்டன்தான் மனதில் இருந்தால், அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் விசிட்டராகவே ஆறு மாதம் வரை படிக்கலாம். எந்த நாடானாலும் பணம் கட்டும் முன், நர்ஸ்களுக்குத் தனி வகுப்பு வாரத்தில் எத்தனை மணி நேரம், விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.