பட்டு வர்ற பயமா, பாத்து ஒட்டிக்கிற பயமா?

நாய் கடிச்சு வர்ற பயம் ஒரு வகை, அம்மா கரப்பான்பூச்சிய பாத்து கட்டில் மேல ஏறி கத்துனத பாத்து நமக்கும் ஒட்டிக்கிற பயம் இன்னொரு வகை. எனக்கு ரெண்டாவதுதான், இத்தனைக்கும் அது என்னை ஒண்ணுமே பண்ணல.

முதல் வகைக்கு 1920ல வாட்சன், ரேனர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இருக்கு, 11 மாசக் குழந்தை வெள்ளை எலிய தொடப்போனா பின்னாடி இரும்புக் கம்பிய சுத்தியலால அடிப்பாங்க, சீக்கிரமே எலிய பாத்தாலே அழுகை. கொடுமை.

ரெண்டாவதுதான் செம சுவாரஸ்யம். லேப்ல வளந்த ரீசஸ் குரங்குங்களுக்கு பாம்புன்னா பயமே கெடயாது, ஆனா காட்டுக் குரங்கு பாம்ப பாத்து பதறுறத கொஞ்ச நேரம் பாத்ததும் இதுங்கள்ல நிறைய பதற ஆரம்பிச்சிருச்சு, 1980கள்ல மினேகா, குக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பண்ணது. அப்புறம் குரங்கு பதறுற வீடியோவ வெட்டி ஒட்டி, அது பூவுக்கு பயப்படுற மாதிரி காட்டுனாங்க பாருங்க, ம்ஹூம், அது ஒட்டல. பாம்புக்கு பயப்படாத குரங்க முன்னாடியே பாத்திருந்த குரங்குங்களும் பெரும்பாலும் தப்பிச்சிருச்சு.

அதனால இப்பல்லாம் பொண்ணு முன்னாடி பூச்சி வந்தா "சும்மா பூச்சிதான்டா"ன்னு தொடப்பத்த எடுக்கறேன், கை நடுங்குறது கிச்சனுக்கு போன பிறகு.