‘கையால தரம் பிரிச்சது’ என்று பெல்லட் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏர் பிஸ்டல் சுடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். “மேட்ச் கிரேடு, ஒவ்வொண்ணா எடை போட்டுக் கையால தரம் பிரிச்சது” என்று சொல்லி, டப்பாவுக்கு எண்ணூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு பெல்லட் (ஏர் பிஸ்டலில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு) விற்கும் ஓர் ஆள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. எப்படி விற்கிறார், டப்பாவுக்குள் என்ன இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் நிறையப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்த இறுதிச் சுற்றில் மனு வெளியேறியபோது அவர் எண்ணிக்கை 221.7. அவருக்கு மேலே இருந்த கொரிய வீராங்கனைக்கு 221.8. வெறும் 0.1 வித்தியாசம். 10 மீட்டர் பிஸ்டல் இலக்கு அட்டையில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விளையாட்டு இது. அதனால்தான் பெல்லட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக ஒரு விளக்கம். போட்டி பெல்லட் 4.5 மில்லிமீட்டர். தலை தட்டையாக இருக்கும், அட்டையில் வட்டமாகச் சுத்தமாக ஓட்டை போடும். இடுப்பு குறுகி, வால் பக்கம் மெல்லிய ஈய விளிம்பு விரிந்திருக்கும், அதை ஸ்கர்ட் என்பார்கள். பிஸ்டலுக்கான பெல்லட் பெரும்பாலும் 0.45 கிராம் சுமாருக்கு இருக்கும். தலையின் விட்டம் 4.48, 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும். எந்த பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) எது ஒத்துப்போகும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒத்துப்போகும் அளவு தெரிந்ததும், ஒரே பேட்ச் நம்பரில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஒரே பேட்ச் என்றால் ஒரே அச்சு, ஒரே ஈயம். பேட்ச் மாறினால் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இந்த ஆள் வந்தது அந்த இடத்தில்தான். எங்கள் பேரலுக்கு 4.50 பொருந்தும் என்று தெரியும். வழக்கமாக வாங்கும் இடத்தில் அந்த அளவு ஸ்டாக் இல்லை. மாநிலப் போட்டி நெருங்கிவிட்டது. கிளப்பில் இன்னொரு பையனின் அப்பா நம்பர் கொடுத்தார். போனில் பேசினேன். பேச்சு அப்படி ஒரு தேனாக இருந்தது.

“ஏனுங்ணா, வெளிநாட்டுல பிஸ்டல் சுடறவிங்க தோட்டாவையே வூட்ல உக்காந்து மருந்து எடை போட்டு அவிங்களே அடைச்சுக்கறாங்க. ஏர் பிஸ்டல்ல மருந்து இல்லீங்க. அதுக்குப் பதிலா நாம பெல்லட்ட எடை போட்டுப் பிரிக்கறமுங்க. ஒரு டப்பா பூரா ஒரே எடை. பாப்பா கைல குடுத்துப் பாருங்க, அப்பறம் நீங்களே கூப்புடுவீங்க.”

இதில் பாதி உண்மை என்பதுதான் ஆபத்து. பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்கும் பழக்கம் உண்டு. ஸ்கர்ட் நசுங்கியதைப் பொறுக்கி எடுப்பதும் உண்டு. பெரிய போட்டிக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து செய்கிற வேலைதான். அதனால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வராது. டப்பாவில் ஜெர்மன் கம்பெனி பெயர், மேலே 4.50 என்று ஸ்டிக்கர், பேட்ச் நம்பர் எல்லாம் இருந்தது. பில் கேட்டேன். “வாட்ஸப்ல போட்டு வுட்டர்றனுங்க” என்றார். கையில் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு, அதில் ‘ஸ்போர்ட்ஸ் ஐட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பணம் யு.பி.ஐ.யில் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிஸ்டல் சுடுகிற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருவார்கள். சுட்ட நொடியில், அட்டையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, குண்டு எங்கே போயிருக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும். “டென்”, “நைன், இடது பக்கம்” என்று. சைட் (குறி பார்க்கும் பாகம்) எங்கே நின்றது, ட்ரிகர் எப்படி விட்டது என்று மனசு கவனித்ததா என்பதற்கு அதுதான் பரிட்சை. என் மகள் இதில் கெட்டிக்காரி. அவள் சொன்னதும் அட்டையில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். புது டப்பா திறந்த பிறகு அது அறுந்துபோனது. டென் என்று சொல்வாள், கீழே நைன் கிடக்கும். இரண்டு சரியாக வரும், மூன்றாவது எங்கேயோ போகும்.

“அப்பா, கை நல்லாத்தான் நின்னுச்சு. நைன் எங்கிருந்து வருதுன்னே தெரியலப்பா.”

கோச் நல்ல மனிதர், அனுபவம் உள்ளவர். அவர் பார்த்தது ரிசல்ட்டைத்தான். “அம்மிணி, ட்ரிகர அவசரப்பட்டு இழுக்கற, மணிக்கட்டு கீழ போகுது பாரு” என்றார். அவர் சொன்னதை நம்பி இவள் கிரிப்பை மாற்றினாள். பிறகு நிற்கிற கோணத்தை மாற்றினாள். சைட்டை இரண்டு கிளிக் மேலே ஏற்றினாள், மறுநாள் இறக்கினாள். நன்றாகப் படிந்திருந்த ஒரு பழக்கத்தை, தப்பே இல்லாத ஒரு கையை, தானே பிரித்துப் போட்டுத் திருத்த ஆரம்பித்தாள். ராத்திரி கண்ணாடி முன்னால் பிஸ்டல் இல்லாமல் கையை மட்டும் நீட்டி நின்றுகொண்டிருப்பாள். டப்பாவுக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும். இதற்கு அந்த ஆள் என்ன விலை கொடுப்பார்?

மாநிலப் போட்டியில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அதை நான் விவரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் கோச்சே சொன்னார்: பிஸ்டலைக் கிளாம்ப் போட்டுச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று. மனிதக் கையை ஒதுக்கிவிட்டு, பிஸ்டலை அசையாமல் பிடித்து வைத்துச் சுட்டால் பேரலும் பெல்லட்டும் மட்டும் பேசும். கணபதியில் என் மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஒரு பெஞ்ச் வைஸுக்கு மரத் தாடை செய்து, உள்ளே ஃபெல்ட் ஒட்டி, கிளப்புக்கே தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு பெற்றோரிடம் இருந்து பழைய பேட்ச் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டோம்.

அந்த டப்பாவில் இருந்து பத்து சுட்டபோது அட்டையில் ஒரே ஓட்டை. பென்சில் நுழையும் அளவு. ‘தரம் பிரித்த’ டப்பாவில் இருந்து பத்து சுட்டபோது அட்டை பொத்தல் பொத்தலாக இருந்தது. பெரும்பாலானவை கீழே இறங்கிப் பரவியிருந்தன. ஒன்றிரண்டு நைனிலேயே போய் விழுந்தன. என் மகள் அந்த அட்டையை வாங்கி, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வைஸுக்கு மணிக்கட்டு இல்லை, அவசரமும் இல்லை என்று கோச் சொன்னார். அவளிடம் நேராக மன்னிப்பும் கேட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

அடுத்து எடை. செல்வபுரத்தில் தெரிந்த பத்தர் ஒருவரின் நகைப் பட்டறையில் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது, சுற்றிலும் கண்ணாடிக் கூண்டு போட்டது. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழைய டப்பாவில் எல்லாமே 0.45 கிராமை ஒட்டி, சில மில்லிகிராம் வித்தியாசத்துக்குள் நின்றன. இந்த ஆளின் டப்பாவில் ஒரு கூட்டம் 0.45 பக்கம், இன்னொரு கூட்டம் 0.48 பக்கம், நடுவே ஒன்றும் இல்லை. பிரித்தவர் செய்கிற வேலையா இது? இரண்டு வேறு சரக்கை ஒன்றாகக் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள். பத்தர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொன்று காட்டினார். எடை கம்மியாக இருந்தவற்றின் வால் குழிக்குள் சின்னதாக ஓர் அச்சுக் குறி இருந்தது. எடை கூடியவற்றில் அது இல்லை, ஸ்கர்ட்டும் பலவற்றில் நெளிந்திருந்தது. ஈயத்தின் நிறமே வேறு, வெளுத்துப் பூத்தது போல.

0.03 கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஏர் பிஸ்டல் பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் சுமாருக்குப் போகிறது. அட்டையை அடைவதற்குள் புவியீர்ப்பு அதை 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கீழே இறக்கிவிடும். சைட் அதற்குத் தக்கபடி வைத்திருக்கும். எடை கூடினால் வேகம் குறையும், இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் கீழே போகும். பத்தின் கோட்டைத் தொட வேண்டியது ஒன்பதாகிவிட அது போதும். பேரலுக்குப் பொருந்தாத தலை, நெளிந்த ஸ்கர்ட் இரண்டும் சேர்ந்தால் சிதறல் இன்னும் மோசம். 60 ஷாட் போட்டியில் எது எப்போது வரும் என்றே தெரியாது. எல்லாமே ஒரே மாதிரி கெட்டதாக இருந்திருந்தால்கூடச் சைட்டைத் திருப்பிச் சமாளித்திருக்கலாம்.

டப்பாவின் ஸ்டிக்கரை ஹேர் டிரையர் காட்டி மெதுவாக உரித்தோம். அடியில் கம்பெனியின் சொந்த ஸ்டிக்கர், வேறு பேட்ச் நம்பர், தலை அளவு 4.48.

போன் செய்தேன். முதலில், “பாப்பா புதுசுங்க, போகப் போகச் சரியாயிரும்” என்றார். எடை விவரத்தைச் சொன்னதும், “நகைக்கடைத் தராசுல பெல்லட் எடை போட்டாச் சரியா காட்டாதுங்க” என்றார். ஸ்டிக்கரைச் சொன்னதும், ஈயச் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதே ஆள் கிளப்பில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம், .32 சென்டர் ஃபயருக்கு (நிஜத் தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டலுக்கு) ‘ரீலோட்’ தோட்டா சல்லிசாகக் கிடைக்கும், வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் விரட்டிவிட்டார். மற்றவர்களும் விரட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு போட்டு மறுபடி அடைப்பது பல நாடுகளில் போட்டியாளர்கள் சட்டப்படி செய்வதுதான். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்து மருந்து அளப்பார்கள். ஏன் அவ்வளவு கவனம் என்றால், பிஸ்டல் மருந்து கூட்டுக்குள் கொஞ்ச இடத்தைத்தான் அடைக்கும். தவறி இரண்டு முறை போட்டுவிட்டாலும் வெளியே தெரியாது. சுட்டால் பிஸ்டல் கையிலேயே வெடிக்கும். மருந்தே போடாமல் விட்டால் பிரைமரின் வேகத்தில் குண்டு பேரல் நடுவில் போய் நின்றுகொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். பெல்லட்டைக் கலந்து விற்கிற ஒருவர் அடைத்த தோட்டாவை யாரும் கையில் தொடலாமா?

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கவோ விற்கவோ கூடாது. தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற கணக்கில்தான் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள்வரை போகலாம். நம் பிள்ளைகளின் ஏர் பிஸ்டலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதைச் சாக்காக வைத்து இந்த மாதிரி ஆட்கள் கிளப்புக்குள் நுழைந்து பழக்கம் பிடிக்கிறார்கள்.

இனி பெல்லட் வாங்குகிறவர்களுக்கு. கம்பெனி சீல் உடையாத டப்பாவை மட்டும் வாங்குங்கள். ‘தரம் பிரித்தது’ என்றாலே அந்த டப்பா ஏற்கெனவே திறக்கப்பட்டது என்றுதான் பொருள். ஸ்டிக்கரின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், அடியில் இன்னொன்று இருந்தால் தட்டுப்படும். பேட்ச் நம்பரும் தலை அளவும் ஜி.எஸ்.டி. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், நேர்மையான கடைக்காரர் மறுக்கமாட்டார். எடை போட்டுப் பிரிக்க ஆசை இருந்தால் வீட்டில் நீங்களே செய்யுங்கள், காற்றில்லாத மேஜையும் ஒரு மில்லிகிராம் தராசும் போதும். ஈயம் என்பதால் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள். பிள்ளையின் ஸ்கோர் காரணமில்லாமல் திடீரென்று இறங்கினால், அவள் கையைத் திருத்துவதற்கு முன் ஒரு முறை கிளாம்ப் போட்டுப் பார்த்துவிடச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வாங்கி இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். எஸ்டிமேட் சீட்டு, யு.பி.ஐ. ரசீது, உரித்த ஸ்டிக்கரின் படம், பத்தர் எழுதிக் கொடுத்த எடைத் தாள், கிளாம்ப் போட்டுச் சுட்ட இரண்டு அட்டைகள், எல்லாம் எங்களிடம் இருக்கிறது. இதே ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால் மிச்சம் இருக்கும் பெல்லட்டைச் சுட்டுத் தீர்த்துவிடாதீர்கள், டப்பாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மூடியோடு அப்படியே எடுத்து வைத்துவிட்டு, உங்கள் கிளப் செயலாளரிடம் சொல்லிவையுங்கள். எங்கள் மனுவோடு சேர்த்துக்கொள்கிறோம்.