கோட்டாற்றுப் பழைய கட்டடமும் சுண்ணாம்புக் கொத்தனார்களும்: ஒரு மதிப்பீடு

நாகர்கோவில் கோட்டாற்றின் கம்போளத்தில், அதாவது கடைத்தெருவில், எங்கள் குடும்பத்துக்குரிய மூன்று தளக் கட்டடத்தின் பூச்சையும் மட்டுப்பாவையும் (மொட்டைமாடித் தளத்தையும்) சீரமைத்துத் தந்த சுண்ணாம்புக் கொத்தனார் குழுவின் பணியைப் பற்றியது இம்மதிப்பீடு. இருபுறமும் கண்ணாடி முகப்பு வைத்த வணிக வளாகங்கள் எழும்பிவிட்டதால், பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் இடித்துக் கட்டவே சொன்னார்கள். இந்தக் குழுவின் மேஸ்திரிதான் சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, கட்டுமானம் உறுதியாகவே இருக்கிறது, பிற்காலத்தில் மேலே பூசிய சிமெண்ட்தான் கேடு என்றார்.

அவர் கணிப்பு சரியானது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் உறிஞ்சும் ஈரம் வெளிப்புறமாக உலர்ந்து போயாக வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால்தான் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்கிறது.

சிமெண்டை உளியால் பொறுமையாகப் பெயர்த்தெடுத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரில் குழைத்த சாந்தைப் படிப்படியாகப் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகே அடுத்ததைத் தொட்டார்கள் என்பதால் வேலை நீண்டது. ஆனால் அந்த நிதானமே இப்பணியின் உயிர். ஜன்னல் வளைவுகளுக்கு மேல் உடைந்திருந்த விளிம்பைத் தோராயமாக ஒப்பேற்றாமல், மிஞ்சியிருந்த துண்டின் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி, அந்த அச்சை ஈரச் சாந்தின் மேல் இழுத்து, பழையது எது புதியது எது என்று தெரியாதபடி முடித்தார்கள்.

குறைகளும் உண்டு. மின்கம்பிக் குழாய்களைப் பழைய சுவரில் எப்படிக் கொண்டுபோவது என்பதில் அவர்களுக்குத் தெளிவில்லை. கூலியும் சிமெண்ட் வேலையைவிடக் கணிசமாக அதிகம்.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் நான்கு தள உப்பரிகை மாளிகையைப் பேணக் கேரளத் தொல்லியல் துறை இருக்கிறது. நம் கடைத்தெருக் கட்டடங்களுக்கு உடைமையாளரும் இத்தகைய கொத்தனார்களும்தான் கதி. அவர்களுக்கு வேலை கொடுக்காமல் போனால் இந்தத் தொழிலும் கட்டடங்களோடு சேர்ந்தே அழியும் என்பதால், கூலியைப் பார்த்துத் தயங்க வேண்டாம் என்பேன். தையில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் இடவப்பாதிக்கு முன் முடிக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய எலக்ட்ரீஷியனையும் முதல் நாளே உடன் அமர்த்துங்கள்.