பார்மசி டிகிரி என்று காசு கட்டப் போறவங்க ஒருக்கா இதை வாசிங்க

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட்ஸ் வந்த கையோடு மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மதில் எல்லாம் போஸ்டர் முளைக்கும். "பயோ படித்தவர்களுக்கு அரிய வாய்ப்பு! இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் இந்தியாவில், பீ.பார்ம் பட்டம்!" அப்படிப்பட்ட ஒரு இடத்தில்தான் தங்கச்சிக்குக் காசு கட்டினோம். விஷயம் மத்தியஸ்த சபையில் நிற்கிறபடியால் பெயர் போடவில்லை. இந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆகவே பெயரை விட பாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டவுனில் மாடி அறை, ஏசி, சுவர் நிறையப் பிரேம் போட்ட சான்றிதழ்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒன்று பிரதேச செயலகத்து வியாபாரப் பதிவு. இன்னொன்று மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவது பலசரக்குக் கடைக்கும் கிடைக்கும். இரண்டாவது தொழிற்பயிற்சி நடத்துவதற்கு, பட்டம் கொடுப்பதற்கு இல்லை. இந்த நாட்டில் மருந்தாளராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில், நாங்கள் மெடிக்கல் கவுன்சில் என்று சொல்கிறோமே, அங்கே பெயர் பதிந்திருக்க வேண்டும். அவர்களுடைய ஒரு துண்டுக் கடிதம்கூட அந்தச் சுவரில் இல்லை.

அப்பா கேட்டார். "அது கோர்ஸ் முடியத் தானா வரும் ஐயா, நீங்க யோசிக்காதீங்க" என்றார் மனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மகள் வேலைக்குப் போகவும் தேவையில்ல. சேர்ட்டிபிக்கட்ட ஒரு பார்மசில மாட்ட விட்டா மாசாமாசம் காசு வீட்டுக்கு வரும்" என்றார். பார்மசி லைசன்ஸ் எடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளர் வேண்டும் என்பதால் இப்படிச் சான்றிதழை வாடகைக்கு விடும் களவு நடக்கிறது என்பது ஊரறிந்ததுதான். அதையே கோர்ஸின் சிறப்பாகச் சொல்லி ஆள் பிடித்ததை நான் அங்கேதான் கண்டேன்.

படிப்பு எப்படி? கிழமையில் இரண்டு நாள் வகுப்பு, போட்டோகொப்பி நோட்ஸ். "லேப்" என்று காட்டிய அறையில் ஒரு தராசு, இரண்டு கல்வம், கொஞ்சம் அளவுச்சாடி. அளவுச்சாடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத் துண்டு தங்கச்சி விலகும் வரைக்கும் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் அளந்து பார்க்கவில்லை என்கிறாள்.

குட்டு உடைந்தது மாமியின் மகனால். அவர் அரச ஆஸ்பத்திரியில் மருந்தாளர். "இந்தியாவில எத்தனையாம் வருசத்தில சேர்ப்பாங்களாம்?" என்று கேட்டார். மூன்றாம் வருடம் என்றோம். சிரித்தார். இந்தியாவில் பீ.பார்ம் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். இடையில் சேர்வதென்றால் இரண்டாம் வருடத்தில், மூன்றாம் செமஸ்டரில்தான். அதுவும் இந்திய மருந்தியல் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் டீ.பார்ம் என்ற பார்மசி டிப்ளோமா முடித்தவர்களுக்கு. இங்கே மாடி அறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு நேரே மூன்றாம் வருடத்துக்குப் போக வழியே இல்லை. அவர்கள் பெயர் சொன்ன தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு மெயில் போட்டோம். அப்படியொரு ஒப்பந்தம் தங்களுக்கு யாரோடும் இல்லை என்று பதில் வந்தது.

காசைத் திருப்பிக் கேட்கப் போனால்தான் அடுத்த வித்தை. பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள் என்றார்கள். எங்கள் தொகையில் பெரும்பங்குக்குப் பாடநெறிக் கட்டணம் என்று எழுதவில்லை, "ஆலோசனைக் கட்டணம்" என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. "ஆலோசனை தந்திட்டம்தானே ஐயா." அம்மாவின் காப்பு இன்னும் அடகில் இருக்கிறது.

காசை விட எனக்கு எரிச்சல் வேறு. கம்பஸ் அனுமதிக்கு ஏ.எல். மூன்று தடவைதான். தங்கச்சிக்குக் கடைசித் தடவை மிச்சம் இருந்தது. "இனி எதுக்கு மகள் அந்தப் பரீட்சை" என்று மனேஜர் சொல்லி அந்த வருடம் விண்ணப்பிக்கவே விடவில்லை. கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் புள்ளியில் மயிரிழையில் விட்ட பிள்ளை அவள். யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுண எல்லாவற்றிலும் பார்மசி பட்டம் இருக்கிறது, நான்கு வருடம், கட்டணம் இல்லாமல். திறந்த பல்கலைக்கழகத்திலும் காசு கட்டிப் படிக்கலாம். இந்த மனேஜர் வாயில் இதில் ஒன்றும் வரவில்லை, வந்தால் அவருக்கு வருமானம் ஏது.

யாராவது பார்மசி டிகிரி என்று வந்தால் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டத்தை வைத்துப் பதியலாமா என்று கொழும்பு நொரிஸ் கெனல் வீதியில் இருக்கும் மெடிக்கல் கவுன்சிலுக்கே எழுதிக் கேளுங்கள். பதில் கைக்கு வருமட்டும் ஒரு சதம் கட்ட வேண்டாம். "இண்டைக்கே கட்டினா டிஸ்கவுண்ட்" என்றால் எழும்பி வாருங்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ரிசீட்டில் ஒவ்வொரு வரியையும் அங்கேயே நின்று வாசியுங்கள், ஆங்கிலம் விளங்காவிட்டால் விளங்கின ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம், அவர்கள் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். பாதித் தொகை தருகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்று இப்போது ஆள் விடுகிறார்கள். அப்பா மறுத்துவிட்டார். இதே மாதிரி "ஆலோசனைக் கட்டணம்" ரிசீட் வைத்திருக்கிறவர்கள் களுவாஞ்சிகுடி, ஆரையம்பதிப் பக்கம் இன்னும் சிலர் இருப்பதாகக் கேள்வி. இன்பாக்ஸில் ரிசீட் போட்டோவை அனுப்புங்கள், அடுத்த தவணைக்குச் சேர்ந்து போவோம்.