லயன்ஸ் ரக்பி டூர் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

2027 செப்டம்பரில் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் பெண்கள் அணி, வரலாற்றிலேயே முதல் முறையாக, டூர் கிளம்புகிறது. நியூசிலாந்தில் அந்த நாட்டுப் பெண்கள் அணியான பிளாக் ஃபெர்ன்ஸுடன் மூன்று டெஸ்ட் (ரக்பியில் சர்வதேச ஆட்டத்துக்கு அந்தப் பெயர்). பேக்கேஜ் எடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 2025இல் ஆண்கள் அணி ஆஸ்திரேலியா போனபோது லண்டனிலிருந்து ஒரு பேக்கேஜில் போய் வந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வியாபாரத்தில் எல்லோரும் விற்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

ரக்பி பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நான்கும் மற்ற நாட்களில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அணிகள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை நான்கிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி, ஒரே சிவப்பு ஜெர்சியை மாட்டிவிட்டு, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று முறை வைத்து அனுப்புவார்கள். 1888இலிருந்து நடக்கிற கூத்து இது. ஒரு நாட்டுக்குப் போனால் அடுத்து அங்கே போக 12 வருடம் ஆகும். அதனால்தான் டிக்கெட்டுக்கு இவ்வளவு அடிதடி, அந்த அடிதடியில்தான் இந்த பேக்கேஜ்காரர்கள் பிழைக்கிறார்கள்.

நான் எடுத்ததில் மெல்போர்ன், சிட்னி இரண்டு டெஸ்டுக்கும் டிக்கெட், ஹோட்டல், உள்ளூர் விமானம், மைதானத்துக்கு பஸ், ஆட்டத்துக்கு முன்னால் பழைய வீரர் ஒருவர் வந்து பேசும் ஒரு பார்ட்டி. லண்டன் விமானம் நம் செலவு.

டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணில்லை. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் அன்றைக்கு 90,307 பேர். 23-5 என்று லயன்ஸ் மண்ணைக் கவ்விக் கிடந்து, கடைசி நிமிடத்தில் ஹ்யூகோ கீனன் டிரை போட்டு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) 29-26 என்று ஜெயித்து, தொடரையும் அங்கேயே முடித்தார்கள். அந்த டிரைக்குச் சற்று முன்னால் லயன்ஸ் வீரர் ஜாக் மோர்கன் செய்தது ஃபவுலா இல்லையா என்று நடுவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியர் விட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது. ஆனால் சீட்? "முதல் தர இருக்கை" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், கிடைத்தது கோல் கம்பத்துக்குப் பின்னால், மேல் அடுக்கு. அது கிரிக்கெட்டுக்குக் கட்டிய வட்ட மைதானம், நடுவில் செவ்வகமாக ரக்பி ஆடும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கொஞ்சம் தூரம்தான், அதிலும் கம்பத்துக்குப் பின்னால் என்றால் ஆட்டத்தைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். பிளாக் நம்பரை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

பஸ் சுத்த தண்டம். ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து யாரா ஆற்றோரமாக நடந்தாலே மைதானம் வந்துவிடும், கூட்டத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டு போவதுதான் பாதி சந்தோஷம், நாங்கள் என்னடா என்றால் சிவப்புச் சட்டையோடு டிராஃபிக்கில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிட்னியில் மைதானம் ஊருக்கு வெளியே ஒலிம்பிக் பார்க்கில் இருக்கிறது, அங்கேயாவது உதவும் என்று பார்த்தால் மின்னல் வந்து ஆட்டம் பாதியில் சுமார் 40 நிமிடம் நின்றுபோனது, அப்புறம் 22-12 என்று தோற்று நனைந்து வெளியே வந்தால் எங்கள் பஸ் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரயிலில் வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஹோட்டல் பரவாயில்லை. பார்ட்டி, வேண்டாம் விடுங்கள்.

எனக்கு உண்மையான வருத்தம், பேக்கேஜில் இல்லாத ஒன்றைப் பற்றி. லயன்ஸ் டூர் என்றால் மூன்று டெஸ்ட் மட்டும் இல்லை, வார நடுவில் உள்ளூர் அணிகளோடு ஆடும் ஆட்டங்களும் சேர்ந்ததுதான். பேக்கேஜ்காரர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை, அந்த நாளில் ஒயின் தோட்டம் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். நான் அதை விட்டுவிட்டு மெல்போர்னில் உள்ள மார்வெல் ஸ்டேடியத்துக்கு நானே டிக்கெட் எடுத்தேன், சுலபமாகவே கிடைத்தது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் அண்ட் பசிஃபிகா அணி, ஆஸ்திரேலியப் பூர்வகுடி வீரர்களும் பசிபிக் தீவு வம்சாவளியினரும் சேர்ந்தது, லயன்ஸை உலுக்கி எடுத்துவிட்டு 24-19 என்று தோற்றது. அதில் முட்டி மோதிய டனியேலா டூபோ பதினோரு நாளில் சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலிய அணிக்காக இறங்கினார். அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால்தான் அவரை ஏன் கூப்பிட்டார்கள் என்று புரியும்.

சரி, 2027க்கு வருவோம். 2025 உலகக் கோப்பையை ஜெயித்தது இங்கிலாந்துப் பெண்கள், அதனால் அணியில் அவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பிளாக் ஃபெர்ன்ஸ் ஆறு முறை கோப்பையை வாங்கியவர்கள், 2022இல் ஈடன் பார்க் இறுதி ஆட்டத்தில் இதே இங்கிலாந்தை 34-31 என்று கவிழ்த்தவர்கள். நான் கட்டாயம் போகிறேன். பேக்கேஜில் இல்லை. டெஸ்ட் டிக்கெட்டைத் தனியாக எடுத்துவிட்டு, நியூசிலாந்தில் ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம். இன்னொரு விஷயம், அக்டோபர் 1ஆம் தேதி பக்கத்து ஆஸ்திரேலியாவில் ஆண்கள் உலகக் கோப்பை தொடங்குகிறது. ஆக்லாந்து போய் சிட்னி வழியாகத் திரும்புகிற மாதிரி விமானம் போட்டால் ஒரே செலவில் இரண்டையும் பார்க்கலாம். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள், ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்கள் பேக்கேஜ் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் டிக்கெட்டும் ஹோட்டலும் மட்டும் கொடு, பஸ்ஸையும் பார்ட்டியையும் கழித்துக்கொள் என்று கேட்டுப் பாருங்கள்.