ஒரே கலர் கோடு, இரண்டு பட்டறைகள்: சில்வர் மெட்டாலிக் காரில் சில ஆண்டுகளின் அனுபவம்

என்னுடைய சில்வர் மெட்டாலிக் ஹேட்ச்பேக் காரில் இரண்டு இடங்களில் டிங்கரிங்கும் பெயின்டிங்கும் நடந்திருக்கின்றன. முதலில் இடது பின்பக்கக் குவாட்டர் பேனல் (பின்சக்கரத்தை ஒட்டிய பக்கத் தகடு) ஒரு பட்டறையிலும், அடுத்த ஆண்டு வலது முன்பக்க ஃபெண்டர் (முன்சக்கரத்தின் மேலுள்ள தகடு) வேறொரு பட்டறையிலும் சரிசெய்யப்பட்டன. இரண்டுக்கும் கலர் கோடு, அதாவது நிறத்தைக் குறிக்கும் குறியீட்டு எண், ஒன்றுதான். கிருஷ்ணகிரியின் வெயிலையும், ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இல் எழும் கிரானைட் லாரிகளின் புழுதியையும் இரண்டு பாகங்களும் ஒன்றாகவே தாங்கி வருகின்றன. ஆயினும் முதல் வேலை தொலைவிலிருந்தே தனித்துத் தெரிகிறது; இரண்டாவதை, இடத்தைச் சொல்லிக் காட்டினாலும் பார்ப்பவர்களால் கண்டுபிடிக்க முடிவதில்லை. மெட்டாலிக் வண்ணத்தில் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கார் வைத்திருப்பவர்கள் அறிந்துகொள்வது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

வெள்ளை போன்ற சாலிட் வண்ணத்தில் நிறமிகளின் அளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். மெட்டாலிக்கில் அதனுடன் நுண்ணிய அலுமினியத் துகள்களும் கலந்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அவை எந்தக் கோணத்தில் படிந்து காய்கின்றன என்பதே நாம் காணும் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பேஸ் கோட்டை, அதாவது நிறம் தரும் பூச்சை, ஈரமாக அடித்தால் துகள்கள் உள்ளே இறங்கிப் பல திசைகளில் சாய்கின்றன; அப்போது நேராகப் பார்க்கையில் நிறம் அடர்த்தியாகவும், சாய்வாகப் பார்க்கையில் வெளிறியும் தெரியும். உலர்வாக அடித்தால் துகள்கள் மேற்பரப்பிலேயே தட்டையாகப் படிந்து, நேராகப் பார்க்கையில் பளிச்சென்றும் பக்கவாட்டில் கருமையாகவும் தோன்றும். ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தம், பிடிக்கும் தூரம், கை நகரும் வேகம், தின்னரின் தன்மை ஆகிய அனைத்தும் இதை மாற்றக்கூடியவை. ஆகவே, ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெயின்ட்டை இரண்டு பெயின்டர்கள் அடித்தால் இரண்டு நிறங்கள் கிடைப்பதில் வியப்பில்லை. நம் மாவட்டங்களின் சித்திரை, வைகாசி வெயிலில் வேகமாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்தினால், பெயின்ட் பேனலைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிடுகிறது. நிறம் வெளிறிப்போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

குவாட்டர் பேனல் வேலையில் இவை எவையும் கவனிக்கப்படவில்லை. கோடு எண்ணை மட்டும் வைத்துக் கலந்த பெயின்ட்டை, சோதித்துப் பார்க்காமல் நேரடியாக அடித்தார்கள். மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் பொருத்தமாகத் தெரிந்த நிறம், மறுநாள் காலை வெயிலில் கதவைவிட ஒரு படி வெளுத்துத் தெரிந்தது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று அங்கே சொன்னார்கள். பாலிஷ், நிறத்தின் மேல் போடும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. அதற்கடியில் படிந்து உறைந்துவிட்ட துகளை அது எப்படி மாற்றும்?

ஃபெண்டரைச் செய்த பெயின்டரின் முறை முற்றிலும் வேறு. கோடு எண்ணுக்குக் கீழே உள்ள மாற்றுச் சாயல்களின் அட்டைகளை ஒவ்வொன்றாக, பாலிஷ் செய்து சுத்தப்படுத்திய கதவின் மேல் வைத்து, நிழலிலும் வெயிலிலும், நேராகவும் சாய்வாகவும் பார்த்தார். ஒரே கோடுக்குத் தொழிற்சாலையிலேயே சிறு வேறுபாடுகள் ஏற்படுவதால்தான் அந்த மாற்றுச் சாயல்கள் இருக்கின்றன. தேர்ந்தெடுத்த கலவையை, அடியில் தங்கிய துகள்கள் எழும்வரை நன்றாகக் கலக்கி, ஒரு சோதனை அட்டையில் அடித்து, அதன்மேல் கிளியர் கோட்டும் போட்டுக் காயவிட்ட பிறகே ஒப்பிட்டார். கிளியர் ஏறியதும் பேஸ் கோட்டின் தோற்றம் மாறிவிடும் என்பதால் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஈர மினுமினுப்பு அடங்கி மங்கும்வரை காத்திருந்தார். இறுதியாகக் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, திட்டுத் திட்டாகத் தெரியாதபடி ஒரு மெல்லிய தூவல் கொடுத்தார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அவர் நிறத்தை ஃபெண்டரோடு நிறுத்தவில்லை என்பதே. அடிபடாத முன்கதவின் மேல் பேஸ் கோட்டைப் படிப்படியாக மெலித்துக் கரைத்துவிட்டு, கதவு முழுவதற்கும் கிளியர் அடித்தார். நல்ல கதவை ஏன் தொட வேண்டும் என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் இரண்டு பேனல்கள் சந்திக்கும் விளிம்பில்தான் கண் நிறத்தை ஒப்பிடுகிறது. வேறுபாடு அந்த விளிம்பில் நிற்காமல் கதவின் நீளத்தில் பரவிவிட்டால், அது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மெட்டாலிக் சில்வருக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கோடைகள் கடந்தபின் தெரிந்த மற்றொன்று கிளியர் கோட்டின் விளிம்பைப் பற்றியது. குவாட்டர் பேனல் மேலே கூரைத் தூணோடு இணைப்பில்லாமல் தொடர்வதால், அங்கே கிளியரை நடுவிலேயே மெலித்து முடித்திருந்தார்கள். அந்த இடம் முதலில் மங்கியது. பிறகு மெல்லிய கோடாக வெளிப்பட்டு, இப்போது உரியத் தொடங்கியிருக்கிறது. விளிம்பில் படலம் மிக மெல்லியதாக இருப்பதால் வெயிலை அதனால் தாங்க முடிவதில்லை. கதவில் கிளியர் பேனலின் ஓரம்வரை சென்று முடிவதால் அங்கே எந்தக் குறையும் இல்லை.

இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்பவர்கள் பில்லையும் கவனிக்க வேண்டும். வழக்கமான பாலிசியில் பெயின்ட் பொருளின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. பொருளையும் கூலியையும் பிரிக்காமல் மொத்தமாகப் பில் போட்டால், மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாகக் கணக்கிட்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். பக்கத்துப் பேனலில் நிறத்தைக் கரைக்கும் வேலையைச் சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் முன்கூட்டியே பேசி, எஸ்டிமேட்டிலேயே எழுதச் செய்வது நல்லது.

குவாட்டர் பேனலை மறுபடியும் செய்யப்போகிறேன். இந்த முறை கிளியர் கூரைத் தூணின் மேல்வரை சென்று ஏதேனும் ஓர் இணைப்பில் முடிய வேண்டும், நிறம் பின்கதவில் கரைய வேண்டும், அட்டையை வெயிலில் பார்த்த பிறகே கன்னை எடுக்க வேண்டும் என்று ஃபெண்டரைச் செய்த பெயின்டரிடமே கேட்டிருக்கிறேன். வெயில் தணிந்து ஐப்பசியில் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.