நூல்போல ஒழுகிய சுடுதண்ணீர்

கோவையில் எங்கள் மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் தண்ணீர் கையை வைக்க முடியாத சூடு; கீழ்க் குளியலறையிலோ நூல்போல ஒழுகும். முதலில் வந்தவர் பிரஷர் பம்ப் வாங்கச் சொன்னார். பக்கத்துத் தெரு பிளம்பர் எதையும் விற்கவில்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்ட வளைத்திருந்த குழாயின் மேட்டில் காற்று அடைத்திருப்பதைத் தட்டிப் பார்த்தே பிடித்துவிட்டார். அங்கே ஒரு காற்றுப்போக்கிக் குழாயை, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக நிறுத்தினார். கூலியும் சாமானும் சேர்த்து 650 ரூபாய். சொன்ன நாளில் வரவில்லை, மறுநாள்தான் வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. சூடு வரத் தாமதமாவது மட்டும் தீராது என்றும் முன்பே சொல்லிவிட்டார்: 20 மீட்டர் முக்கால் அங்குலக் குழாயில் ஆறிக் கிடக்கும் சுமார் 5 லிட்டர் முதலில் வெளியேற வேண்டுமே! அதை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுகிறேன்.